வழித்துணையின் எல்லை: 1942 ஏப்ரலில் குமரிக்கடல் வான்போரும் நெடுந்தூரச் சண்டை விமானத்தின் வளர்ச்சியும்

ஆய்வுச் சுருக்கம்

1942 ஏப்ரல் 5, 9 ஆகிய நாள்களில் ஜப்பானியக் கடற்படை இலங்கை மீது நடத்திய வான்தாக்குதல்கள் பெரும்பாலும் கப்பல் இழப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளன. இக்கட்டுரை அவற்றை வேறொரு கோணத்தில் அணுகுகிறது. குண்டுவீச்சு விமானங்களுக்கு வழித்துணையாகச் செல்லும் சண்டை விமானம் எவ்வாறு உருவாயிற்று, அதன் பறப்பெல்லை எவ்வாறு ஒரு நிலப்பகுதியின் பாதுகாப்பைத் தீர்மானித்தது என்னும் வினாக்களைக் கன்னியாகுமரி முனையை மையமாகக் கொண்டு ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வழித்துணைச் சண்டை விமானம், சீரோ, அரிக்கேன், ஈஸ்டர் ஞாயிறுத் தாக்குதல், நாஞ்சில் நாடு, இந்திய வான்படை

தென்முனையின் நிலை

நாஞ்சில் நாடு என வழங்கும் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்கள் 1942இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்கோடியில் இருந்தன. கன்னியாகுமரியிலிருந்து நேர்க்கோட்டில் கொச்சி ஏறத்தாழ 250 கி.மீ., கொழும்பு 280 கி.மீ., திருகோணமலை 400 கி.மீ. தொலைவில் உள்ளன. சென்னையோ 600 கி.மீ.க்கும் அப்பால். ஆட்சியால் திருவனந்தபுரத்தையும் மொழியாலும் உறவாலும் திருநெல்வேலியையும் நோக்கியிருந்த இப்பகுதி, வான்போரின் கணக்கில் கொழும்பின் அண்டைப்புறமாக இருந்தது.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் மார்ச் 8இல் ரங்கூனும் வீழ்ந்தன. ரங்கூனின் வீழ்ச்சி நாஞ்சில் நாட்டைத் தொட்டது முதலில் உணவின் வழியாகத்தான். திருவிதாங்கூர் தன் அரிசித் தேவைக்குப் பர்மாவைப் பெரிதும் நம்பியிருந்தது. அவ்வரவு நின்றதும் சமஸ்தானத்தின் நெற்களஞ்சியமாக இருந்த தென்வட்டங்களின் முக்கியத்துவம் பன்மடங்காயிற்று. வானிலிருந்து வரக்கூடிய தீங்கு அப்போது இன்னும் செய்தித்தாளில் படிக்கும் பொருளாகவே இருந்தது.

வான்காவல் என்று சொல்லத்தக்கது தென்கரையில் மிகக் குறைவு. போர் தொடங்கியபோது இந்திய வான்படையின் தன்னார்வப் பிரிவினரைக் கொண்டு சென்னை, பம்பாய், கல்கத்தா, கராச்சி, கொச்சி ஆகிய துறைமுகங்களில் கடலோரக் காவல் அணிகள் அமைக்கப்பட்டன. அவற்றிற்கு அளிக்கப்பட்டவை வாபிட்டி போன்ற பழைய இரட்டையிறக்கை விமானங்கள். கப்பல் அணிகளைக் கண்காணிக்கவும் நீர்மூழ்கிகளைத் தேடவும் அவை பயன்பட்டன. ஒரு தற்காலச் சண்டை விமானத்தை எதிர்கொள்ள அவற்றால் இயலாது. ஆகவே குமரிமுனையின் காப்பு இலங்கையில் நின்ற சில அரிக்கேன் அணிகளைப் பொறுத்திருந்தது என்று கூறுவது மிகையாகாது.

குண்டுவீச்சு விமானம் எப்போதும் ஊடுருவும் என்ற நம்பிக்கை

இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் வான்படைச் சிந்தனையை ஆண்டது ஒரே கருத்து. இத்தாலியத் தளபதி ஜூலியோ தூவே 1921இல் வெளியிட்ட நூலில் அதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தார். 1932இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் ஸ்டான்லி பால்ட்வின் அதனைப் பொதுமக்களின் அச்சமாக மாற்றினார். குண்டுவீச்சு விமானம் எவ்வகையிலும் ஊடுருவியே தீரும் என்பதே அக்கருத்து. அக்காலக் குண்டுவீச்சு விமானங்கள் பல, தம்மைத் துரத்தவேண்டிய சண்டை விமானங்களுக்கு நிகரான வேகம் பெற்றிருந்தன. அந்த அளவில் நம்பிக்கைக்கு ஆதாரமும் இருந்தது. இந்நம்பிக்கை உள்ளவரை வழித்துணைக்குத் தேவை எழவில்லை.

பொறியியல் நோக்கிலும் வழித்துணை ஒரு முரண்பாடு. நெடுந்தூரம் பறக்க எரிபொருள் வேண்டும். எரிபொருள் கூடினால் எடை கூடும். எடை கூடினால் திருப்பமும் ஏற்றமும் குன்றும். தன் தளத்தின் மேலேயே நின்று போரிடும் எதிரிக்கு இச்சுமை இல்லை. எனவே நெடுந்தூரச் சண்டை விமானம் குறுந்தூரச் சண்டை விமானத்திடம் தோற்பது உறுதி எனப் பல வான்படைகள் முடிவு கட்டியிருந்தன. ஜெர்மனி இரண்டு எஞ்சின் கொண்ட மெசர்ஷ்மிட் 110 விமானத்தை இப்பணிக்கென உருவாக்கியது. 1940 கோடையில் இங்கிலாந்தின் மேல் அந்த வழித்துணைக்கே மற்றொரு வழித்துணை தேவைப்பட்டது. ஒற்றை எஞ்சின் கொண்ட மெசர்ஷ்மிட் 109 போரிடத் தக்கது. ஆனால் அதன் பறப்பெல்லை ஏறத்தாழ 660 கி.மீ. மட்டுமே. லண்டனின் மேல் சில நிமிடங்களே அதனால் நிற்க முடிந்தது.

எதிர்த்தரப்பிலும் இதே நம்பிக்கை ஒரு விந்தையான விமானத்தைப் பெற்றெடுத்தது. எதிரியின் குண்டுவீச்சு விமானங்கள் துணையின்றித்தான் வரும் என்று கருதி, முன்னோக்கிச் சுடும் துப்பாக்கி ஏதுமின்றி, பின்னே சுழலும் கோபுரத்தில் மட்டும் துப்பாக்கிகள் வைத்துக் கட்டப்பட்டது பிரித்தானியாவின் டிஃபையன்ட். ஜெர்மானியர் பிரான்சைப் பிடித்து, கால்வாயின் மறுகரையிலிருந்து சண்டை விமானங்களையும் உடன் அனுப்பத் தொடங்கியதும் அக்கணக்கு பொய்த்தது. 1940 ஆகஸ்டின் இழப்புகளுக்குப் பின் அது பகற்போரிலிருந்து விலக்கப்பட்டது. அவ்விமானத்தைச் செலுத்திய அணிகளுள் ஒன்றான 264ஆம் அணி தாங்கிய பெயர் ‘மெட்ராஸ் மாகாணம்’. போர்க்கொடையை ஒட்டி அணிகளுக்குப் பெயரிடும் வழக்கம் அன்று இருந்தது. சென்னை மாகாணத்து மக்களின் பணம் சென்று சேர்ந்த அணி, வழித்துணையை எண்ணிப் பாராத வடிவமைப்பிற்கு விலை கொடுக்க நேர்ந்தது தமிழ்நாட்டு வரலாற்றெழுத்தில் ஏறக்குறைய இடம்பெறாத செய்தி. (நாஞ்சில் நாடு அப்போது சென்னை மாகாணத்தில் இல்லை, 1956 நவம்பர் 1இல்தான் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்துடன் இணைந்தது.)

சீன வானில் பிறந்த சீரோ

வழித்துணையின் தேவையை முதலில் குருதி சிந்திக் கற்றது ஜப்பானியக் கடற்படை. 1937 ஆகஸ்ட் 14 முதல் 16 வரை தைவானிலிருந்தும் ஜப்பானியத் தளங்களிலிருந்தும் புறப்பட்ட ஜி3எம் குண்டுவீச்சு விமானங்கள் ஹாங்சோ, நான்ஜிங் முதலிய நகரங்களைத் தாக்கின. கடல் கடந்து அவ்வளவு தொலைவு சென்றதே அக்காலத்தில் ஒரு சாதனை. ஆனால் துணையின்றிச் சென்றமையால் சீனச் சண்டை விமானங்களிடம் பெருமிழப்பை அடைந்தன. ஆகஸ்ட் 14 தைவானில் இன்றும் வான்படை நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அதே ஆண்டு கடற்படை ஒரு புதிய சண்டை விமானத்திற்கான தேவைப் பட்டியலை வகுத்துக்கொண்டிருந்தது. சீனப் பட்டறிவு அதில் சேர்ந்ததும் நிபந்தனைகள் கடுமையாயின. வேகமும் திருப்பமும் ஏற்றமும் குறையக் கூடாது. கப்பல் தளத்திலிருந்து எழவேண்டும். பல மணிநேரம் வானில் நிற்கவேண்டும். நகாஜிமா நிறுவனம் விலகிக்கொண்டது. மிட்சுபிஷியின் வடிவமைப்பாளர் ஜிரோ ஹோரிகோஷி ஏற்றார். அவருக்குக் கிடைத்த எஞ்சின் ஆயிரம் குதிரைத்திறனையும் எட்டாதது. எனவே அவர் எடையைக் குறைத்தார். புதிய அலுமினியக் கலவை உலோகம் பயன்பட்டது. சட்டங்களில்கூடத் துளையிட்டு எடை நீக்கப்பட்டது. விமானிக்குக் கவசத்தகடு இல்லை. துளைபட்டால் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டி இல்லை. வயிற்றின் கீழ் மாட்டி, சண்டை தொடங்கும் முன் உதறிவிடத்தக்க 330 லிட்டர் துணைத்தொட்டி சேர்க்கப்பட்டது. அதனுடன் சீரோவின் பெரும்பறப்பெல்லை 3,000 கி.மீ.யைத் தாண்டியது. அரிக்கேனின் எல்லை ஆயிரம் கி.மீ.க்கும் குறைவு.

வழித்துணை முரண்பாட்டிற்கு ஹோரிகோஷி கண்ட தீர்வை முரண்பாட்டை வென்றதாகக் கருதுவது பொருந்தாது. எரிபொருளின் எடையை அவர் விமானியின் உயிர்க்காப்பிலிருந்து ஈடுசெய்தார். அவ்விலை உடனே தெரியவில்லை. 1940 செப்டம்பர் 13இல் சோங்சிங் நகர் மீது சென்ற குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணைநின்ற 13 சீரோக்கள், ஓர் இழப்புமின்றி 27 எதிரி விமானங்களை வீழ்த்தியதாக அறிவித்தன. சீனத் தரப்புப் பதிவுகள் காட்டும் இழப்பு அதில் பாதியளவே. ஆயினும் வெற்றியின் தன்மையில் ஐயமில்லை. 1941 டிசம்பர் 8இல் தைவானிலிருந்து 800 கி.மீ.க்கு மேற்பட்ட கடலைக் கடந்து பிலிப்பைன்ஸின் கிளார்க் தளத்தைத் தாக்கியபோதும் சீரோக்கள் உடன்சென்றன. அருகில் ஒரு விமானந்தாங்கிக் கப்பல் நிற்பதாகவே அமெரிக்கர் சிலர் கருதினர்.

ஈஸ்டர் ஞாயிறு

1942 ஏப்ரல் தொடக்கத்தில் துணைத்தளபதி சூயிச்சி நகுமோவின் படை இந்துமாக்கடலில் நுழைந்தது. அகாகி, சோர்யு, ஹிர்யு, ஷோகாகு, சுயிகாகு என்னும் 5 விமானந்தாங்கிகள் அதில் இருந்தன. ஏப்ரல் 4 மாலையில் கொக்கலையிலிருந்து சென்ற கட்டலீனா கடல்விமானம் ஒன்று அப்படையைக் கண்டது. அதைச் செலுத்திய கனடிய அதிகாரி லெனர்டு பர்ச்சால் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சீரோக்களால் வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார்.

மறுநாள் ஈஸ்டர். கொழும்புக்குத் தெற்கே ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவிலிருந்து, மிட்சுவோ ஃபுச்சிடாவின் தலைமையில் 90 அளவிலான குண்டுவீச்சு விமானங்களும் அவற்றுக்குத் துணையாக 36 சீரோக்களும் எழுந்தன. அவை எழுந்த இடத்திலிருந்து கன்னியாகுமரி 400 கி.மீ. அளவிலேயே இருந்தது, கிளார்க் தளத்தைத் தாக்கியபோது கடந்த தொலைவில் இது பாதி. நாஞ்சில் நாட்டில் தாக்கத்தக்க துறைமுகமோ விமானத்தளமோ இல்லாமை அதன் நற்பேறு. தொலைவு அதற்குக் காப்பாக இருக்கவில்லை.

முன்னெச்சரிக்கை கிடைத்திருந்தும் கொழும்பின் காப்பு தடுமாறியது. இரத்மலானைத் தளத்தின் 30ஆம் அணி அரிக்கேன்கள், எதிரி தலைக்குமேல் வந்தபின்பே ஓடுபாதையை விட்டு எழுந்தன. குதிரைப்பந்தயத் திடலில் அவசரமாக அமைக்கப்பட்ட தளத்தை ஜப்பானியர் அறிந்திருக்கவில்லை. அதனால் 258ஆம் அணி ஓரளவு ஒழுங்காக மேலெழுந்தது. இவற்றுடன் கடற்படையின் ஃபுல்மார்களும் சேர்ந்தன. கடலின்மேல் வழிகாண ஒரு நோக்காளர் வேண்டும் என்ற கொள்கையால் இரண்டு இருக்கைகளுடன் கட்டப்பட்டவை அவை. பிரித்தானியக் கடற்படை நெடுந்தூரச் சிக்கலுக்குக் கண்ட விடை ஃபுல்மார் என்றால், ஜப்பானியக் கடற்படை கண்ட விடை சீரோ. இரண்டும் கொழும்பின் வானில் நேருக்குநேர் சந்தித்தன. ஃபுல்மாரின் உச்சவேகம் மணிக்கு 440 கி.மீ.; சீரோவினுடையது 530 கி.மீ.

பிரித்தானியத் தரப்பில் 20 அளவிலான அரிக்கேன்களும் 4 ஃபுல்மார்களும் வீழ்ந்தன. திருகோணமலைப் பக்கத்திலிருந்து நீர்க்கணைகளுடன் அவ்வேளையில் வந்துசேர்ந்த 6 ஸ்வார்டுஃபிஷ் இரட்டையிறக்கை விமானங்கள், துணையின்றி வந்தமையால், ஆறும் சுட்டு வீழ்த்தப்பட்டன. ஜப்பானியர் இழந்தவை 7. இவ்வேழின் கூறு கூர்ந்து நோக்கத்தக்கது: ஒன்று சீரோ, மற்ற ஆறும் பாய்ந்து குண்டுவீசும் வால் வகை விமானங்கள். குத்தெனப் பாய்ந்து குண்டை விட்டபின் அவ்வகை விமானம் தாழ்வாகவும் மெதுவாகவும் தனியாகவும் வெளியேறும். உயரத்தில் நிற்கும் வழித்துணை அக்கணத்தில் அதற்கு உதவாது. முழு வானாதிக்கம் பெற்றிருந்தபோதும் சீரோக்களால் மூட முடியாத இடைவெளி அது. பிரித்தானிய விமானிகள் சீரோவுடன் சுழன்று போரிட முனைந்ததைக் குறைகூறும் ஆய்வாளர், இந்த இடைவெளியைப் பயன்படுத்தியோரே அன்று பயன் கண்டனர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஏப்ரல் 9இல் திருகோணமலையில் ரேடார் ஏறத்தாழ 145 கி.மீ. தொலைவிலேயே எதிரியைக் கண்டது. 261ஆம் அணியின் அரிக்கேன்கள் உயரத்தில் காத்திருந்தன. ஆயினும் 8 அரிக்கேன்கள் வீழ்ந்தன. எச்சரிக்கை கிடைப்பது மட்டும் போதாது; வரும் வழித்துணையின் எண்ணிக்கையும் திறனும் காப்போரினும் மிகுந்திருந்தால் எச்சரிக்கை இழப்பைக் குறைக்குமேயன்றித் தடுக்காது.

துணையின்றிச் சென்றவர்கள்

அவ்வாரத்தின் மிகக் கொடிய இழப்புகள் வழித்துணையோ காவலோ இல்லாத இடங்களில்தான் நேர்ந்தன. ஏப்ரல் 5 பிற்பகலில் டார்செட்ஷயர், கார்ன்வால் என்னும் இரு போர்க்கப்பல்களை 50க்கு மேற்பட்ட வால் விமானங்கள் சிறுபொழுதில் மூழ்கடித்தன; 424 பேர் மாண்டனர். 9ஆம் நாள் மட்டக்களப்புக்கு அருகே விமானந்தாங்கி ஹெர்மிஸ் தன் தளத்தில் ஒரு விமானமும் இல்லாத நிலையில் சிக்கியது. கரையிலிருந்து அனுப்பப்பட்ட ஃபுல்மார்கள் வருமுன் அது மூழ்கியிருந்தது. 300க்கு மேற்பட்டோர் இறந்தனர்.

அதே நாளில் 11ஆம் அணியின் 9 பிளெனிம் குண்டுவீச்சு விமானங்கள், ஒரு சண்டை விமானமும் உடனின்றி நகுமோவின் படையைத் தேடிச் சென்று கண்டன. அகாகியின் அருகே குண்டுகள் விழும்வரை அவை வந்ததை ஜப்பானியர் அறியவில்லை. இலக்கில் ஒன்றும் படவில்லை. பின்னர் சீரோக்கள் பாய்ந்தன. ஐந்து பிளெனிம்கள் திரும்பவில்லை. துணையாக அனுப்ப அரிக்கேன்கள் இருந்திருப்பினும் அவற்றின் எரிபொருள் அத்தொலைவில் சென்று போரிட்டு மீளப் போதாது. இலங்கையின் காவலருக்குத் தற்காப்பு மட்டுமே இயன்றது. எதிர்த்தாக்குதல் உயிரைப் பணயம் வைக்கும் செயலாக இருந்தது.

இந்திய வான்படை இதே பாடத்தை இரண்டு மாதங்களுக்கு முன் பர்மாவில் சந்தித்திருந்தது. அதன் 1ஆம் அணியின் தலைவர் கே.கே.மஜும்தார், நோட்டம் பார்க்கும் பணிக்கென அமைந்த லைசாண்டர் விமானத்தில் குண்டுகளைக் கட்டி, தாய்லாந்தின் மே ஹாங் சோன் தளத்தைத் தாக்கினார். முதல் பயணத்தில் இரு பஃபலோ சண்டை விமானங்கள் அவருக்கு வழித்துணையாகச் சென்றன. மெதுவாகப் பறக்கும் லைசாண்டர் போருக்குள் போய்வர முடிந்ததன் பின்னே அந்த இரு விமானங்களும் இருந்தன.

ஜப்பானியரின் வெற்றிக்குள்ளும் ஒரு நெருக்கடி மறைந்திருந்தது. தாக்குதலுடன் அனுப்பப்படும் ஒவ்வொரு சீரோவும் கப்பலின் மேல் நின்று காக்கும் பணியிலிருந்து கழியும். பிளெனிம்கள் காணப்படாமலே அகாகியை நெருங்கியது அதற்கு முன்னறிவிப்பு. ஜூன் 4இல் மிட்வேத் தீவைத் தாக்கியபோதும் நகுமோ 36 சீரோக்களையே வழித்துணையாக அனுப்பினார். கொழும்பிற்கு அனுப்பியதும் அதே எண்ணிக்கை. துணையின்றி வந்த அமெரிக்க நீர்க்கணை விமானங்களை எஞ்சிய சீரோக்கள் கடல்மட்டத்தில் வேட்டையாடிக் கொண்டிருந்தபோது, மேலிருந்து வந்த பாய்குண்டு விமானங்கள் கப்பல்களைத் தீக்கிரையாக்கின. இந்துமாக்கடலில் சுற்றிய அகாகி, சோர்யு, ஹிர்யு மூன்றும் அப்போரில் அழிந்தன. நெடுந்தூரம் பறக்க வல்ல விமானம் இருப்பதாலேயே விமானிகள் அளவுமீறி அனுப்பப்படும் நிலையும் வந்தது. ரபவுலிலிருந்து குவாடல்கனாலுக்கு 900 கி.மீ.க்கு மேல் சென்று, போரிட்டு, மீண்டும் அதே தொலைவு பறந்த களைப்பு பயிற்சிமிக்க விமானிகள் பலரை விழுங்கியது. கவசமின்மையின் விலை அப்போது முழுமையாக வசூலிக்கப்பட்டது.

அணிகள் திரும்பி வந்த விதம்

ஐரோப்பாவில் அமெரிக்கர் இந்த வழியை முதலிலிருந்து நடந்து தீர்த்தனர். துப்பாக்கிகள் நிறைந்த பி-17 விமானங்கள் நெருங்கிய அணிவகுப்பில் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் என நம்பினர். 1943 ஆகஸ்ட் 17இலும் அக்டோபர் 14இலும் ஷ்வைன்ஃபுர்ட் நோக்கிய தாக்குதல்களில் ஒவ்வொரு நாளும் 60 விமானங்களை இழந்தபின் அந்நம்பிக்கை தளர்ந்தது. பிரித்தானிய மெர்லின் எஞ்சினைப் பெற்ற மஸ்டாங் விமானம், உதறத்தக்க தொட்டிகளுடன், 1944 மார்ச்சில் பெர்லின்வரை உடன்சென்றது. காற்றைக் குறைந்த எதிர்ப்புடன் கிழிக்கும் இறக்கையும் உடலுக்குள் வைத்த கூடுதல் தொட்டியும் சேர்ந்து, கவசத்தைக் கைவிடாமலே சீரோவின் பறப்பெல்லையை நெருங்க வைத்தன. அதற்குச் சற்று முன் தளபதி டூலிட்டில் மற்றொரு மாற்றம் செய்தார். குண்டுவீச்சு விமானங்களை ஒட்டியே பறக்கவேண்டும் என்ற கட்டுப்பாட்டை நீக்கி, முன்னே சென்று எதிரியைத் தேடி அழிக்கச் சண்டை விமானங்களை விடுவித்தார். வழித்துணை என்பதன் பொருளே அதனால் மாறியது.

இம்மாற்றத்தின் கீழை அத்தியாயத்தில் இலங்கையின் அணிகளே இடம்பெற்றன என்பது பொதுவாகக் கவனிக்கப்படுவதில்லை. கொழும்பிலும் திருகோணமலையிலும் சீரோக்களிடம் அடிபட்ட 30, 258, 261 ஆகிய மூன்று அணிகளும் 1944இல் அரிக்கேன்களை விட்டுவிட்டு அமெரிக்கத் தண்டர்போல்ட் விமானங்களைப் பெற்றன. எடைமிக்க, கவசமுள்ள, துணைத்தொட்டி தாங்கும் விமானம் அது. பர்மாவில் தரைத்தாக்குதலுடன் குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணைசெல்லும் பணியும் தண்டர்போல்ட் அணிகளுக்கு அமைந்தது. 1942இல் எதிரியின் வழித்துணையால் ஓடுபாதையிலேயே தாக்குண்ட 30ஆம் அணி, இரண்டரை ஆண்டுகளில் வழித்துணை வழங்கும் வகை விமானத்தில் அமர்ந்தது.

விடுதலைக்குப் பின் இந்திய வான்படையிலும் சிக்கல் மறையவில்லை. 1965 செப்டம்பர் 1இல் சம்ப் பகுதியில் துணையின்றி அனுப்பப்பட்ட 45ஆம் அணியின் பழைய வேம்பயர் விமானங்களில் 4 ஒரே நாளில் இழக்கப்பட்டன. அதன்பின் சிறிய நாட் விமானங்கள் காவலுக்குக் கொண்டுவரப்பட்டன. 1971 டிசம்பர் 4இல் டாக்காவைத் தாக்கச் சென்ற விமானங்களுக்கு மிக்-21கள் மேற்காவலாக நின்றன. வேம்பயர்களை இழந்த அந்த 45ஆம் அணி தேஜஸ் விமானங்களுடன் மறுபிறப்பெடுத்து 2018இல் கோவைக்கு அருகிலுள்ள சூலூருக்கு வந்தது.

தமிழ்நாட்டின் மற்றொரு சண்டை விமான அணி தஞ்சாவூரில் உள்ளது. உலகப்போர்க் காலத்தில் உருவான ஓடுதளத்தின் மேல் வளர்ந்த அந்நிலையத்தில் 2020 ஜனவரி 20இல் 222ஆம் அணி நிறுவப்பட்டது. அதன் சுகோய்-30 எம்கேஐ விமானம் 2.5 டன் எடையுள்ள பிரமோஸ் ஏவுகணையைத் தாங்கிக் கடலிலக்கைத் தாக்கவும், ஏவுகணை இல்லாதபோது பிற விமானங்களுக்குக் காவலாகச் செல்லவும் வல்லது. குண்டுவீசுவதும் வழித்துணை செல்வதும் ஒரே விமான வகைக்குள் அடங்கிவிட்டன. வானிலேயே எரிபொருள் நிரப்பும் வசதி, ஹோரிகோஷி கவசத்தை விற்று வாங்கிய தொலைவை வேறு வழியில் தருகிறது. தஞ்சாவூரிலிருந்து கன்னியாகுமரி ஏறத்தாழ 340 கி.மீ. தொலைவில் உள்ளது.